ஒரு அடி நகர்ந்த நடுச்சுவர்

எங்கள் வீட்டுப் படுக்கையறை எட்டடிக்கு எட்டடி. முன்பு அதன் அகலம் ஒன்பதடியாக இருந்தது. எட்டாக்கியவள் நான். வேறு யார் தலையிலாவது இதைக் கட்டிவிட முடியுமா என்று மாதக்கணக்கில் யோசித்துப் பார்த்துவிட்டேன். மேஸ்திரி, ஓர்ப்படி, இலவசமாகக் காலண்டர் கொடுத்த நகைக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரையாக மனதுக்குள் நிறுத்தி விசாரித்தேன். எல்லோரும் ஏதோ சொன்னார்கள், அவ்வளவுதான். “சரி, இடிங்க” என்று சொன்ன வாய் என்னுடையது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு நீட்டல் அளவை சொல்லிக்கொடுக்கிறேன். அளக்கும் முன்னால் எதை அளக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதில் முதல் பாடமே. ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்து அளந்த பிள்ளைகளை முறைத்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்தப் பாடம் வந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிட்டு அவருடைய தமிழ் வகுப்பை நான் எடுக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். கச்சிராயபாளையத்தைச் சுற்றி எந்த ஊரில் மோட்டார் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். கல்வராயன் மலை மேல் ஓர் ஊரில் குடிதண்ணீர் மோட்டாரைச் சரி பண்ணிவிட்டு பைக்கில் இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கிவிட்டார். மழைகூட இல்லை. ரோட்டில் சாமை காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கட்டும், மணி தனியாக உதிரட்டும் என்று போடுவது அங்கே வழக்கம். அவர்களுக்குக் களம் அதுதான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மணி மேல் டயர் ஏறியது, இவர் பாறையில் முதுகை வைத்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்த பிறகு அவரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. எங்களுக்கு இருந்தது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் அபார்ட்மெண்டின் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு. கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆன பிறகு முளைத்த கட்டடங்களில் ஒன்று. மகளின் படிப்புக்காக வாங்கினோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய சமையலறை, படுக்கையறை வழியாகப் போகிற ஒரே பாத்ரூம். வாசலில் இரண்டு படி. பாத்ரூமில் ஒரு முழ உயரத்துக்குத் தடுப்பு, உள்ளே தரையோடு பதித்த கக்கூஸ். கதவுகள் எல்லாம் இரண்டேகால் அடி. நடக்க முடியாத ஒரு மனிதனை உள்ளே விடவே கூடாது என்று சபதம் எடுத்துக் கட்டிய மாதிரி இருந்தது.

அதனால் அவரைக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் வைத்தோம். நானும் மகளும் கள்ளக்குறிச்சியில் இருந்தோம். எனக்கு வேலையை விட முடியாது, அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் கடைசி பஸ்ஸில் திரும்புவோம்.

அண்ணனும் அவர் மனைவியான என் ஓர்ப்படியும் குறை வைக்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது கரும்புக்காரர் வீடு. நாளெல்லாம் ஆள் வந்துகொண்டே இருக்கும். இவருடைய கட்டில் கூடத்தில். வெட்டு ஆட்கள் வருவார்கள், டிராக்டர்காரர் வருவார், எல்லோரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, போகும்போது ஒருமுறை அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கம்பு நட்டு, பழைய சேலையைக் கட்டி, அதற்குள் வைத்து அண்ணன் குளிப்பாட்டுவார். சேலைக்கு மேலே எட்டிப் பார்த்தால் மலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கால்களை நீட்டி ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தேன்.

“டீச்சர்,” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார், அப்போது நான் டீச்சர்கூட இல்லை. “என்னை நம்ம வூட்டுக்கு இட்டுகினு போயிடு.”

“போலாங்க. வூட்ட கொஞ்சம் சரி பண்ணிட்டு போலாம்.”

“சீக்கிரம் பண்ணு. காலைல கண்ண தொறந்தா அந்த மலைதான் தெரியுது. பாத்துகினே படுத்துகினு இருக்கறேன். கதவு சாத்திகினு ஒரு ரூம்ல இருந்தா போதும். பாத்ரூமுக்கு நானே தள்ளிகினு போவணும். வேற ஒன்னும் வாணாம்.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் வீட்டை இடித்தேன்.

மேஸ்திரி தியாகதுருகத்திலிருந்து வருவார். வயதானவர், பேச்சு குறைவு, வேலை சுத்தம். முதல் நாள் நானும் மகளும் சாக்பீஸை வைத்துக்கொண்டு தரையில் கட்டில், மேஜை, பீரோ எல்லாம் வரைந்து வைத்திருந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் கட்டிலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. வாசல் படியை எடுத்துவிட்டுச் சரிவு போடுவது, கதவுகளை மூன்றடி ஆக்குவது, பாத்ரூம் தடுப்பை உடைத்துத் தரையைச் சமமாக்குவது, வெஸ்டர்ன் டாய்லெட் வைப்பது, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி என்று எல்லாம் முடிவானது. பிறகு டேப்பை எடுத்துப் படுக்கையறையை அளந்தார்.

“ஒம்போதுக்கு எட்டு இருக்குதும்மா,” என்றார். கூடத்தை அளந்தார். “இதுவும் ஒம்போது. பதினெட்டடிய சரிபாதியா வெச்சி நடுவுல ஒரு செவுத்த கட்டிட்டு பூட்டான்.”

“அதுக்கு இன்னா இப்போ?”

“ஒன்னுமில்லமா. பாக்கறவங்க பாப்பாங்க. நீங்க பாப்பீங்களோ இன்னாவோ.”

நாங்கள் பார்க்கிறவர்கள் இல்லை. குறிப்பாக என் வீட்டுக்காரர் இல்லை. போர் போடுகிற இடத்தில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் பார்க்கிற ஆள் வந்தால் இவருக்குச் சிரிப்பு தாங்காது. ராகுகாலம் முடியட்டும், பிறகு சுவிட்சைப் போடலாம் என்று யாராவது சொன்னால், “மோட்டாருக்கு ராவுகாலம்லாம் தெரியாதுங்க, கரண்டு வந்தா ஓடும்” என்று போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டுவதே பள்ளி விடுமுறை பார்க்கத்தான்.

ஆனால் முதுகெலும்பு உடைந்த ஒரு மனிதனின் பெண்டாட்டி ஆன பிறகு எனக்குள் என்னவோ இளகிவிட்டது. மேஸ்திரி போனதும் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். அட்டையின் பின்பக்கம், பல்லி விழும் பலனுக்குக் கீழே, மனையடி அளவுகளைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எட்டடி நல்லது. பத்தடி நல்லது. ஒன்பதுக்கு நேரே ஆயுள் குறையும் என்று இருந்தது.

இரண்டே சொல்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அந்த முதல் வாரம் ஒவ்வொரு டாக்டரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதே பயம் அப்படியே திரும்பி வந்தது. பிழைத்து வந்த மனிதனை ஒன்பதடி அறைக்குள் கொண்டுவந்து படுக்கவைக்கப் போகிறேனா? ஓர்ப்படியிடம் போனில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “அய்யய்யோ, ஒம்போது ஆவவே ஆவாது. தெரிஞ்சிகினே யாராவது வெப்பாங்களா?” என்றாள். தெரிந்துகொண்டே என்று சொன்னாள் பாருங்கள், அதுதான் என்னைச் சாய்த்தது. தெரியாமல் இருந்திருந்தால் ஒன்பதிலேயே இருந்திருப்போம்.

மறுநாள் மேஸ்திரியிடம் நானே பேச்சை எடுத்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. முந்தைய நாளே தலைக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

“தூண் போட்ட கட்டடம்மா இது. நடுச்செவுரு சும்மா தடுப்புக்குத்தான். இடிச்சிட்டு ஒரு அடி ரூம் பக்கம் தள்ளி வெச்சா ரூம் எட்டு, கூடம் பத்து. ரெண்டும் நல்ல கணக்கு.”

“கூடத்து பக்கம் தள்ளி ரூம பத்தாக்கலாமே?”

“முடியாதும்மா. கிச்சன் வாசக்கா செவுத்த ஒட்டிகினு இருக்குது பாருங்க. பாதி வாசல் அடிபட்டு பூடும்.”

இரண்டு கெட்ட எண்கள் ஒரே அடியில் இரண்டு நல்ல எண்களாக மாறுகின்றன. மூன்றாம் வகுப்புக் கணக்கு மாதிரி அத்தனை அழகாக இருந்தது. கூடத்தில் கூடுகிற அந்த ஒரு அடியில் மகளுக்குப் படிக்கிற மேஜை போடலாம். அதுவரை அவள் சமையல் மேடையில் ஒரு ஓரமாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். எண்ணெய்க் கறை இல்லாத நோட்டு அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. மேஜை என்றதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போதுதான் “சரி, இடிங்க” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அளந்தேன். கடையில் சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டு வந்து அதன் அகலத்தை அளந்தேன், இருபத்தைந்து அங்குலம். மூன்றடிக் கதவில் தாராளமாகப் போகும். சுவர் எழும்பிக் காய்ந்த பிறகு, புதுக் கட்டிலையும் கொண்டுவந்து போட்டோம். மூன்றடிக் கட்டில், மிச்சம் ஐந்தடி. நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். மகள் தள்ளினாள். கூடத்திலிருந்து அறைக்குள் போனோம், கட்டிலை ஒட்டித் திரும்பினோம், பாத்ரூமுக்குள் நுழைந்தோம். எங்கும் இடிக்கவில்லை.

“டிரைவர், கொஞ்சம் மெதுவா போப்பா,” என்றேன்.

“பாத்ரூம் ஸ்டாப்பிங் வந்துடுச்சி, எறங்குங்க எறங்குங்க,” என்று அவள் கண்டக்டர் மாதிரி கத்தினாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இரண்டு மூன்று தடவை போய்வந்தோம். அவள் உட்கார்ந்தாள், நான் தள்ளினேன். சுண்ணாம்பு வாசனையும் புது டைல்ஸும் பளபளக்கும் கம்பிகளுமாக எனக்கு அந்த பாத்ரூம் கோயில் மாதிரி தெரிந்தது.

சுவரை நகர்த்திய காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். மகளுக்கு மேஜை போட என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லையே.

நல்ல நாள் பார்த்து அழைத்துவந்தோம். அண்ணன் ஒரு குட்டியானை வண்டியில் மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். நாற்காலியில் உட்கார வைத்து வாசல் சரிவில் ஏற்றியபோது அவரே இரண்டு சக்கரத்தையும் பிடித்துத் தள்ளினார். அண்ணன் உதவிக்கு வந்ததைக் கையால் தடுத்துவிட்டார். கூடத்தைத் தாண்டி, மூன்றடிக் கதவைத் தாண்டி, அறைக்குள் போனார். “பரவால்லயே டீச்சர்,” என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

கட்டிலுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பினார். பாதி திரும்பி நின்றுவிட்டது. பின்னால் எடுத்து மறுபடி திருப்பினார். நின்றுவிட்டது. எனக்குப் புரியவில்லை. நாங்கள் திரும்பினோமே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை அழுத்தித் திருப்பினார். அப்போது மகள் “அப்பா, ரத்தம்” என்றாள்.

அவருடைய கால்கள் மடங்காது. விறைத்து, நீட்டியபடியே இருக்கும். நாற்காலியின் கால்பலகையை உயர்த்தி, கால்களை முன்னால் நீட்டித்தான் உட்கார வைத்திருந்தோம். நாற்காலிக்கு முன்னால் இரண்டடிக்கு அவருடைய கால்கள் நீண்டிருந்தன. பெருவிரல் கட்டில் இரும்பில் இடித்து, நகம் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வலி தெரியாது. தெரியாததால் மறுபடி மறுபடி இடித்திருக்கிறார்.

நான் நாற்காலியை அளந்தேன். அதில் உட்காரப் போகிற மனிதனை அளக்கவில்லை. என் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அவர் கால் மடங்காது என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கால்களைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தவளே நான்தான். இதைவிட முட்டாள்தனமாக ஒரு பெண்டாட்டி இருக்க முடியுமா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

அன்று எல்லா வழியும் பார்த்தோம். பின்பக்கமாக உள்ளே தள்ளினோம். கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினோம். எட்டுக்கு எட்டு அறையில் கட்டிலை எப்படிப் போட்டாலும் மிச்சம் ஐந்தடிதான். ஐந்தடி போதவில்லை. அண்ணன் டேப்பை வாங்கி அளந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு அடி இருந்தா திரும்பிடும்” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கடைசியில் அண்ணன் அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய்ப் புது டாய்லெட்டில் உட்கார வைத்தார். ஆறடி மனிதன், தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனார் என்று எழுதிவிட்டேன், தவறு, அண்ணனின் தோளில். இவர் தம்பி. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எப்போதும் தூக்குகிற ஆளாக இருந்தவர் இவர்தான், அதனால் கை தானாக அப்படி எழுதிவிட்டது.

அண்ணன் ஊருக்குப் போன பிறகு நானும் மகளும் தூக்கிப் பார்த்தோம். நான் தோள்பக்கம், அவள் கால்பக்கம். மூன்றாம் நாள் பாத்ரூம் வாசலில் என் பிடி நழுவி அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். வேட்டி விலகிப்போனது. மகள் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பாப்பா, நீ வெளிய போ,” என்றார் அவர்.

“நான் போனா அம்மா எப்டி தூக்கும்?”

“வெளிய போன்னு சொல்றேன் இல்ல!”

அவளிடம் அவர் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. அவள் போனாள். அவரை அப்படியே தரையில் சரித்து உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது டைல்ஸ் குளிர்ச்சியாக இருந்தது. “நாளைலேந்து கட்டில்லயே வெச்சிடு,” என்றார். மருந்துக்கடையில் படுக்கையிலேயே வைக்கிற பேசின் வாங்கி வந்தேன். வேறு கட்டில் வாங்கலாமா என்றும் யோசித்தேன். இதைவிட ஒடுக்கமான கட்டிலில் படுத்தால், கால் உதறல் வரும்போது உருண்டு விழுந்துவிடுவார். மெத்தையைத் தரையில் போட்டால் தரையிலிருந்து தூக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன். வந்தார். நான் சொல்வதற்கு முன்பே அறை வாசலில் நின்று, நீட்டிக்கொண்டிருந்த கால்களையும் கட்டிலையும் சுவரையும் பார்த்தார். டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“நானாவது கேட்டிருக்கணும்மா, அவுரு எப்டி ஒக்காருவாருன்னு,” என்றார். பிறகு, “பழைய எடத்துலயே வெச்சிடலாம். நாலு நாள் வேல. கூலி ஒன்னும் வாணாம்” என்றார். பென்சிலால் தரையில் பழைய சுவரின் இடத்தைக் கோடு போட்டார்.

கட்டிலிலிருந்து அவர் கேட்டார். “இன்னா டீச்சர், மறுபடியும் இடிக்கப்போறீங்களா?”

“ஆமாங்க. முன்ன இருந்த எடத்துக்கே தள்ளிட்டா நாற்காலி திரும்பும். நீங்களே போய்ட்டு வரலாம்.”

“முன்ன எவ்ளோ இருந்துச்சி?”

“ஒம்போது.”

“நல்லாதான இருந்துக்குது. அப்பறம் ஏன் நகத்துன? பாப்பா மேசைக்கா?”

அங்கேயே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் சிரித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வாரமாக அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. என் மூடத்தனத்தைச் சொன்னால் பழைய மாதிரி ஒருமுறை கிண்டல் அடிப்பார், காலண்டரைப் பார்த்துப் பாடம் நடத்துகிற டீச்சர் என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார், காட்டட்டும் என்று நினைத்தேன்.

“ஒம்போதுன்னா ஆயுசு கம்மின்னு காலண்டர்ல போட்டிருந்துச்சிங்க,” என்றேன். “பயந்துட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி, “அப்டியா மேஸ்திரி?” என்று கேட்டார்.

“அப்டித்தாங்க சொல்லிகினு இருக்கறாங்க.”

“எட்டுக்கு?”

“எட்டு நல்லதுங்க.”

“எட்டர வெச்சா?”

“எட்டுக்கு மேல போனா ஒம்போது கணக்குதாங்க.”

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தார்.

“அப்ப வுட்டுடுங்க,” என்றார் கட்டிலிலிருந்து. “இருக்கட்டும்.”

“நாற்காலி திரும்பாதுங்க,” என்றேன்.

“திரும்பலன்னா போவுது. பாப்பா படிப்ப முடிக்கற வரைக்குமாவது நான் இருக்கணும் இல்ல.”

மோட்டாருக்கு ராகுகாலம் தெரியாது என்று சொன்ன மனிதன். அவர் வாழ்வதற்கு ஆசைப்படுகிறாரா என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. தினமும் அந்த முகத்தைத் துடைத்துவிட்டும் தெரியாது. இப்படிப் படுத்துக்கொண்டு, பேசினில் போய்க்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, இதற்குமேல் இவருக்கு என்ன பயம் இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். பயம் இருந்தது. நான்தான் அதைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தேன். ஒன்பது ஒன்றும் செய்யாதுங்க என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது ஒன்றும் செய்யாது என்று எனக்கே நிச்சயமில்லை. நான் சொல்லி, சுவரை நகர்த்தி, பிறகு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? மேஸ்திரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து, தரையில் போட்ட பென்சில் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாத்ரூமில் அவருக்காக வைத்த கம்பிகளில் நாங்கள் ஈரத் துண்டு காயப்போடுகிறோம். பாத்ரூமுக்குப் போக வர அவருடைய கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மகள் போகும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பார். அவருக்கு உடம்பில் வேறு எந்தக் குறையும் இல்லை. போன மாதம் பார்த்த டாக்டர்கூட, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது, இன்னும் ரொம்ப வருடம் இருப்பார் என்று சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். வண்டியில் வரும்போது அந்த வருடங்களை நினைத்துப் பார்த்தேன். எதிர்ச் சுவர், கூரை, பேசின், மறுபடி எதிர்ச் சுவர். வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

மகளுக்கு மேஜை வாங்கவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரீட்சை எழுதியதும் சமையல் மேடையில் படித்துத்தான். கூடத்தில் கூடிய அந்த ஒரு அடியில் சக்கர நாற்காலியை மடித்துச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறோம். மடித்தால் அது எத்தனை அங்குலம் என்று நான் அளந்து பார்க்கவில்லை. சரியாக அந்த இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.